வேலி தாண்டும் குதிரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் குதிரைச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் கத்தியவார், மார்வாரி குதிரைகள் ஒரு பக்கம். நாட்டு மட்டக் குதிரைகள் இன்னொரு பக்கம். வாங்க வந்தவர் முதலில் சுழி பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல் பார்ப்பார். காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டுவார். அப்புறம்தான் பேச்சு ஆரம்பிக்கும். வயசு என்ன, ஆடுமா, வண்டியில் பழகியிருக்கிறதா, ரேக்ளாவுக்கு ஆகுமா?

“தாண்டுமா?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

குதிரை மீது இத்தனை ஆசை வைத்திருக்கும் கொங்கு நாட்டில் ஏன் அந்தக் கேள்வி எழவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான காரணம். தடை தாண்டும் குதிரையேற்றம் உலகம் முழுவதும் குதிரைப்படை லாயங்களில் வளர்ந்த விளையாட்டு. தடை தாண்டுதலும் ஒரு கட்டமாக உள்ள போட்டியில் இந்தியாவுக்குத் தங்கமும் கிடைத்திருக்கிறது. அதை வென்றவரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஷாஜாதாவும் ரகுபீர் சிங்கும்

1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பி.டி.உஷா வெள்ளி வாங்கியது நினைவிருக்கும். ஹாக்கியில் பாகிஸ்தானிடம் தோற்றதும் நினைவிருக்கும். ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது அந்த ஆண்டுதான். மூன்று கட்டமாக நடக்கும் ‘ஈவென்டிங்’ போட்டியில் தனிநபர் பிரிவின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றுமே இந்தியாவுக்கு வந்தன. ஷாஜாதா என்ற குதிரையில் ரகுபீர் சிங் தங்கம். ஜி.எம்.கான் வெள்ளி. பிரகலாத் சிங் வெண்கலம். ரகுபீர், கான், பிஷால் சிங், மில்கா சிங் நால்வரும் அணித் தங்கத்தையும் வாங்கினார்கள். (இந்த மில்கா சிங் வேறு, ஓட்டக்காரர் மில்கா சிங் வேறு.)

இரண்டே ஆண்டுக்கு முன்பு, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், இதே போட்டியில் இந்திய அணியால் கடைசி வரை போய் முடிக்கவே முடியவில்லை. அந்தத் தோல்விக்கும் டெல்லித் தங்கத்துக்கும் நடுவில் லாயத்தில் நடந்த உழைப்பைப் பற்றி யாராவது ஒரு புத்தகம் எழுதியிருக்க வேண்டும்.

ஈவென்டிங் என்றால் என்ன? முதல் நாள் ‘டிரெஸ்ஸாஜ்’. சவாரி செய்பவரின் தொடையும் விரலும் சொல்வதைக் கேட்டு, குதிரை அளந்து அடி வைக்க வேண்டும். இரண்டாம் நாள் ‘கிராஸ் கன்ட்ரி’. மேடு, பள்ளம், தண்ணீர், மரக்கட்டை என்று திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் பாய்ச்சல். மூன்றாம் நாள், முந்தின நாள் ஓட்டத்தின் அலுப்பு தீராத குதிரையை வைத்துக்கொண்டு அரங்குக்குள் தடை தாண்ட வேண்டும். போர்க்களத்துக் குதிரைக்கு வைத்த சோதனை இது. அணிவகுப்பில் அடங்கி நிற்க வேண்டும், செய்தி கொண்டு காடு மேடு ஓட வேண்டும், மறுநாள் காலையிலும் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். ‘மிலிட்டரி’ என்றே இந்தப் போட்டிக்கு ஐரோப்பாவில் பழைய பெயர் உண்டு.

ரகுபீர் சிங் 61-வது குதிரைப்படையைச் சேர்ந்தவர். விடுதலைக்குப் பின் குவாலியர், ஜோத்பூர், ஜெய்ப்பூர், மைசூர் எனச் சமஸ்தானங்கள் வைத்திருந்த குதிரைப்படைகளைச் சேர்த்து 1953-ல் உருவாக்கிய ரெஜிமென்ட் அது. இருப்பிடம் ஜெய்ப்பூர். இன்றும் குதிரையை விடாத படைப்பிரிவுகளில் உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்படுவது. குடியரசு தினத்தன்று டெல்லியில் தலைப்பாகையும் ஈட்டியுமாகக் குதிரைகள் அணிவகுத்து வருமே, அவர்கள்தான். அதில் சேர்ந்த மைசூர் லான்சர்கள் நமக்குத் திம்பம் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரத்தைப் பிடித்த குதிரைத் தாக்குதலில் ஜோத்பூர் வீரர்களோடு அவர்களும் இருந்தார்கள்.

தங்கம் வாங்கிய ரகுபீர், அதிகாரியாகப் படைக்குள் வந்தவர் இல்லை. சாதாரணக் குதிரை வீரராகச் சேர்ந்து மேலே வந்தவர். வெள்ளி வாங்கிய கான் ராணுவ அதிகாரி. சிப்பாய் வரிசையிலிருந்து வந்தவர் முன்னால், அதிகாரி பின்னால். குதிரைக்குத் தோள்பட்டையில் இருக்கும் நட்சத்திரம் தெரியாது. ரகுபீருக்கு 1982-ல் அர்ஜுனா விருதும், 1983-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ராணுவத்திலிருந்து கமிஷன் பெற்ற அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ள முடியும். சார்ஜென்ட்டுக்கும் சிப்பாய்க்கும் இடமில்லை. அந்த ஆண்டு லண்டனில் ஸ்வீடன் அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கியது. அணியில் இருந்த கெநால் பெர்சன் உண்மையில் சார்ஜென்ட். போட்டிக்காக அவரை அதிகாரியாக்கி, முடிந்ததும் பழைய பதவிக்கே இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து 1949-ல் அந்தத் தங்கம் பறிக்கப்பட்டது. அநியாயம் அப்பட்டமாகத் தெரிந்த பிறகு விதி மாறியது. 1952-லும் 1956-லும் அதே பெர்சன் அதே அணியோடு வந்து தங்கம் வாங்கிக்கொண்டு போனார். குதிரைச் சவாரி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் எனக்குப் பிடித்த தீர்ப்பு இது.

பத்தொன்பது அடிகள், இருபது அடிகள்

தடை தாண்டுதலைத் தொலைக்காட்சியில் பார்த்தால் குதிரைதானே தாண்டுகிறது, மேலே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை என்று தோன்றும். போட்டி தொடங்கும் முன் மைதானத்தைப் பாருங்கள். பூட்ஸும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட ஆட்கள், குதிரை இல்லாமல், ஒரு தடையிலிருந்து இன்னொரு தடைக்கு உதடு அசைய நடந்துகொண்டிருப்பார்கள். அடி எண்ணுகிறார்கள்.

கணக்கு இப்படி. பாய்ச்சலில் குதிரை வைக்கும் ஒரு எட்டு சுமார் 12 அடி நீளம். மனிதர் மூன்றடிக்கு ஒரு காலடி வைத்து நடந்தால் நான்கு காலடி. தாண்டி இறங்குவதற்கு இரண்டு காலடி, அடுத்த தடைக்கு எழும்புவதற்கு இரண்டு காலடி தள்ளிவிட வேண்டும். இரண்டு தடைகளுக்கு நடுவில் இருபது காலடி என்றால் நான்கு போக மிச்சம் பதினாறு. அதாவது, குதிரைக்கு நான்கு எட்டு. அதே இடத்தில் பத்தொன்பதுதான் வருகிறது என்றால் குதிரையை மூன்றடி சுருக்கிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு சுற்றில் பன்னிரண்டு, பதின்மூன்று தடை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கை நெஞ்சில் எழுதிக்கொண்டுதான் சேணத்தில் ஏறுவார்கள்.

ஒலிம்பிக்கில் தடையின் உயரம் 1.65 மீட்டர் வரை போகும். ஐந்தடி ஐந்து அங்குலம். நம் ஊரில் பலர் அந்த உயரம்தான். கம்புகள் ஆழமில்லாத கிண்ணத்தில் சும்மா சாய்ந்து கிடக்கும். பின்னங்கால் குளம்பு கொஞ்சம் அழுத்தமாக உரசினால் உருண்டு விழும். விழுந்தால் 4 தவறுப் புள்ளி. குதிரை தடை முன்னால் வந்து மறுத்து நின்றாலும் நான்கு. பெரிய போட்டிகளில் இரண்டாம் முறை மறுத்தால் வெளியே. குதிரையோ சவாரி செய்பவரோ விழுந்தாலும் வெளியே.

இன்னொன்றைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். குதிரையின் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் நெற்றிக்கு நேர் எதிரே, மிக அருகில், அதற்குப் பார்வை கிடையாது. தூரத்திலிருந்து தடையைப் பார்த்து அளந்துகொள்ளும். எழும்பும் கணத்தில் அந்தக் கம்பு அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி, தெரியாத ஒன்றின் மேல், மேலே இருப்பவர் சொல்கிறார் என்பதற்காகத் தாவுகிறது. இந்த நம்பிக்கையைச் சவுக்கால் வாங்க முடியாது.

அதைப் புரிந்துகொண்டவர் ஓர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. பெயர் ஃபெடெரிகோ காப்ரில்லி. 1868-ல் லிவோர்னோவில் பிறந்தவர். அவர் காலம் வரை தடை தாண்டும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதுதான் முறை. குதிரையின் வாய் கிழியும், முதுகில் பாரம் இறங்கும். அங்கவடியைக் குட்டையாக்கி, உடம்பை முன்னால் கொண்டுபோய், குதிரையின் கழுத்துக்கு இடம் கொடு என்றார் காப்ரில்லி. மேலதிகாரிகளுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு உலகமே அவர் முறைக்கு வந்தது. 1907-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 39. இன்று கோவைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மாணவி குறுந்தடை தாண்டினாலும், அவள் முன்னால் குனிவது அவர் சொல்லிக்கொடுத்த குனிவுதான்.

பிரபு நிஷியின் கதை

குதிரைப்படை அதிகாரி, தடை தாண்டும் வீரர் என்ற இரண்டும் ஒரே உடம்பில் எப்படி வாழ்ந்தன என்பதற்கு ஜப்பானியரான பாரோன் டகேய்ச்சி நிஷியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1902-ல் டோக்கியோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா போய், பிரபுப் பட்டமும் சொத்தும் கைக்கு வந்தன. குதிரைப்படையில் சேர்ந்தார். 1930-ல் இத்தாலியில் யுரேனஸ் என்ற குதிரையைச் சொந்தப் பணம் போட்டு வாங்கினார். மிக உயரமான, முரட்டுக் குதிரை. மற்றவர்களுக்கு அடங்காதது இவருக்கு அடங்கியது.

1932 ஆகஸ்ட் 14, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய கொலீசியம் அரங்கம். தடை தாண்டும் போட்டியில் இறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேரால்தான் சுற்றை முடிக்க முடிந்தது. எந்த நாட்டு அணியும் முழுதாக மிஞ்சாததால் அணிப் பதக்கமே கொடுக்கவில்லை. நிஷி 8 தவறுப் புள்ளியோடு தங்கம் வாங்கினார். 12 புள்ளியோடு இரண்டாவதாக வந்தவர் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி ஹாரி சேம்பர்லின். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஜப்பானின் ஒரே தங்கம் இன்றுவரை அதுதான். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், மேரி பிக்ஃபோர்ட் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் அவருக்கு நண்பர்களானார்கள்.

அதே ஒலிம்பிக்கில் ஷுன்சோ கிடோ என்ற இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் இருந்தார். நீண்ட தூரப் பாய்ச்சலில், முடிவுக்குக் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது, தன் குதிரை தள்ளாடுவதை உணர்ந்து இறங்கிவிட்டார். ஓட்டியிருந்தால் முடித்திருக்கலாம், குதிரை செத்திருக்கலாம். அவருக்குப் பதக்கம் கிடையாது. கலிஃபோர்னியாவில் அவர் செயலைப் போற்றி ஒரு பட்டயம் பதித்தார்கள். நிஷியின் தங்கத்துக்குச் சமமாக நான் மதிப்பது இதை.

பிறகு காலம் மாறியது. குதிரைக்குப் பதில் டாங்கி வந்தது. நிஷி 26-வது டாங்கிப் படைக்குத் தலைவரானார். 1944 ஜூலையில் டாங்கிகளை ஏற்றி வந்த கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. மாற்று டாங்கி கேட்டு டோக்கியோ வந்தவர், லாயத்துக்குப் போய் யுரேனஸைப் பார்த்தார். குதிரை அவரை அடையாளம் கண்டுகொண்டது என்பார்கள். அதன் பிடரி மயிரைக் கையோடு எடுத்துப்போனதாகவும் சொல்வார்கள். 1945 மார்ச்சில் ஈவோ ஜிமா தீவில் இறந்தார். வயது 42. அவரைத் தோற்கடித்த நாடு, ஒருகாலத்தில் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே அமெரிக்கா. அதே மார்ச் கடைசியில் டோக்கியோவில் யுரேனஸும் இறந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-ல் எடுத்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஈவோ ஜிமா’ படத்தில் நிஷி ஒரு முக்கியப் பாத்திரம்.

உயரத் தாண்டலில் உலக சாதனையும் ஒரு குதிரைப்படை அதிகாரியிடம்தான் இருக்கிறது. சிலி நாட்டுக் கேப்டன் அல்பெர்தோ லாரகீபெல், வாசோ என்ற குதிரையில், 1949 பிப்ரவரி 5 அன்று 2.47 மீட்டர் தாண்டினார். எட்டடிக்கு மேல். பந்தயத்துக்கு உதவாது என்று தள்ளப்பட்ட குதிரை அது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

கொங்கின் வேலிகள்

குதிரைப்படைக்குக் கொங்கு மண் புதிதல்ல. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை கெஜ்ஜல்ஹட்டி கணவாய் வழியாகப் பவானி ஆற்றங்கரைக்கு இறங்கியது. சத்தியமங்கலத்தில் இருந்தவர் கர்னல் ஜான் ஃபிளாய்ட். அவரிடம் 19-வது லைட் டிராகூன்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை இருந்தது. செப்டம்பர் 13 அன்று இரு தரப்புக் குதிரைகளும் மோதின. மறுநாள் ஃபிளாய்ட் கோவைப் பக்கமாகப் பின்வாங்கினார். அந்தக் குதிரைக் காலத்தின் கடைசி வீரர் தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். கொஞ்சம் வடக்கே, ஓசூர் மத்திகிரியில், 1824-ல் ராணுவத்துக்காகத் தொடங்கிய குதிரைப் பண்ணை இன்று அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. கோவையின் ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடிய வட்டத்தில் இப்போது நாம் காலை நடை நடக்கிறோம்.

குதிரைகள் தடை தாண்ட ஆரம்பித்ததே வேலிகளால்தான். இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலங்களை வளைத்து உயிர்வேலி போட்ட பிறகு, நரி வேட்டைக்குப் போனவர்கள் அவற்றைத் தாண்டியே ஆகவேண்டி வந்தது. அந்தப் பழக்கம்தான் 1868-ல் டப்ளின் கண்காட்சியில் போட்டியாகி, 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது. உயிர்வேலிக்கு நம் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தை மிஞ்சிய ஊர் எது? கொறங்காட்டைச் சுற்றி நெஞ்சளவு கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். மாடு வெளியே போகாமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த வேலி. அந்த மேய்ச்சலில்தான் காங்கேயம் காளை உருவானது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பொறுக்கியெடுத்து வளர்த்த கதை இந்தியக் கால்நடை வரலாற்றிலேயே இடம்பெற்றது. ஒரு பிராணியின் எலும்பையும் நடையையும் பார்த்து, எந்தக் காளைக்கு எந்தப் பசு என்று முடிவெடுக்கத் தெரிந்த மண் இது. அந்த அறிவு குதிரைப் பக்கம் திரும்பாமல் போனதுதான் என் ஆதங்கம்.

திரும்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. பெங்களூருவின் ஃபுவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் வெள்ளி வாங்கினார். 1982-க்குப் பிறகு, 36 ஆண்டுகள் கழித்து வந்த தனிநபர் பதக்கம். டோக்கியோ ஒலிம்பிக் ஈவென்டிங்கில் தடை தாண்டும் இறுதிச் சுற்று வரை போன முதல் இந்தியரும் அவர்தான், 23-வது இடம். 2023-ல் ஹாங்சோவில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுக்கும் செலவு இருக்கிறது. நோய் பயத்தால் இந்தியக் குதிரைகளை மற்ற நாடுகள் எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனால் வெளிநாட்டிலேயே குதிரை வாங்கி, அங்கேயே பராமரித்து, அங்கேயே போட்டியிட வேண்டிய நிலை. 2025 ஜூலையில் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவின் மையம், குதிரை நோயற்ற வளாகம் என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இந்தியக் குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் கதவு அதனால் திறந்திருக்கிறது. செய்தித்தாள்களில் மூலையில் வந்த இந்தச் செய்தி, பதக்கச் செய்திகளை விடப் பெரியது.

யார் ஏறுவது?

கோவையைச் சுற்றி இப்போது குதிரையேற்றப் பள்ளிகள் வந்துவிட்டன. மகிழ்ச்சி. பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், இன்னும் மகிழ்ச்சி. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்கு மோதுவது குதிரையேற்றத்தில்தான். 1982 டெல்லியில் தடை தாண்டும் போட்டியின் தங்கத்தை வாங்கியவரே ஒரு பெண், குவைத்தின் நாதியா அல் முதாவா.

ஆனால், விடியற்காலை நாலரை மணிக்கு லாயத்தைத் திறப்பது யார்? கொள்ளு ஊறவைத்து, சாணம் அள்ளி, குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுத்து, வைக்கோல் திரியால் உடம்பு தேய்த்து, சேணம் கட்டி, மாணவர் வரும்போது குதிரையைப் பிடித்து நிற்பவர் யார்? அவருடைய பிள்ளையும் அந்த லாயத்தில்தான் வளர்கிறான். குதிரை காதை மடக்கினால் என்ன அர்த்தம், வாலை அடித்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். சேணம் இல்லாமலே ஏறி ஓட்டுவான். போட்டி விண்ணப்பத்தில் மட்டும் அவன் பெயர் இருக்காது. ரகுபீர் சிங்கைப் போன்றவர்கள் ராணுவ லாயத்தில் இந்தப் பிள்ளையின் இடத்திலிருந்துதான் மேலே வந்தார்கள். அங்கே குதிரை அரசாங்கத்துடையது, தீனி அரசாங்கத்துடையது, திறமை மட்டும் அவர்களுடையது. தனியார் லாயத்தில் அந்த ஏணி இல்லை.

ராணுவ வழி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 61-வது குதிரைப்படையில் சிப்பாய்களைப் பெரும்பாலும் ராஜபுத்திர, மராட்டிய, காயம்கானி சமூகங்களிலிருந்தே எடுக்கிறார்கள். அதிகாரியாகப் போக எல்லோருக்கும் வழி உண்டு. ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் குதிரைப் பிரிவு இருக்கிறது. என்.சி.சி.யில் ‘ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி’ என்று தனிப்பிரிவே உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இயங்கும் அந்தப் பிரிவுகளின் மாணவர்கள், ஒவ்வொரு ஜனவரியிலும் டெல்லி குடியரசு தின முகாமில் தடை தாண்டிப் போட்டியிடுகிறார்கள். செலவு மாணவர் தலையில் விழுவதில்லை. கால்நடைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், கலந்தாய்வின்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் குதிரை வைத்திருக்கும் அத்தனை பேரிடமும், பயிற்சிப் பள்ளி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் லாயத்தில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் சேணத்தைக் கொடுங்கள். முதலில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். இரண்டடி உயரத்தில் ஒரு கம்பு வையுங்கள். அடுத்த உள்ளூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.